இலவசத் துறைமுகத்தின் கணக்கு

1

பினாங்கின் லிட்டில் இந்தியா என்று சுற்றுலாப் பலகைகள் இன்று சொல்லும் இடத்துக்கு நம் தாத்தா பாட்டிகள் வைத்திருந்த பெயர் வெறும் 'கடைத்தெரு'. லெபோ பாசார், லெபோ குயின், லெபோ கிங், லெபோ பினாங்கு என்று நாலைந்து தெருக்கள். 1833-இல் எழுந்த மகாமாரியம்மன் கோயில் ஒரு பக்கம். 1801-இல் காதர் மொய்தீன் கட்டிய கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் இன்னொரு பக்கம். நடுவில் செட்டியார்களின் கிட்டங்கிகள், துணிக்கடைகள், நாணய மாற்றுக் கடைகள். சற்றுத் தள்ளி சூலியா தெரு.

இந்தத் தெருக்களைப் பற்றி எழுதுபவர்கள் வழக்கமாக மசாலா வாசனையிலும் ஒலிபெருக்கிப் பாட்டிலும் தொடங்குவார்கள். நான் எழுத நினைப்பது இந்த ஊரின் வரவுசெலவுக் கணக்கை. அதற்குக் காரணம் ஒரு வாக்கியம். கல்யாண வீடு, கோயில் திருவிழா, பள்ளிக்கூடப் பெற்றோர் கூட்டம் என்று எங்கே போனாலும் இப்போது அது காதில் விழுகிறது: "போன் மேல என்ன தப்பு? கையில வச்சிருக்கிறவனுக்குத்தான் கட்டுப்பாடு வேணும்."

கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. யாரும் நம் கையைப் பிடித்து திரையைத் தள்ளச் சொல்லவில்லை. ஆனால் இதே வாக்கியத்தை இந்த ஊர் வேறு இரண்டு பொருள்களைப் பற்றியும் சொல்லியிருக்கிறது. ஒன்று அபின், இன்னொன்று கள். இரண்டு முறையும் அதைச் சொன்னவர்கள் யார், சொன்னபோது அவர்கள் கல்லாப்பெட்டியில் என்ன விழுந்துகொண்டிருந்தது என்று பார்த்தால், மூன்றாவது முறை கேட்கும்போது கொஞ்சம் நிதானிக்கத் தோன்றும்.

2

1786 ஆகஸ்ட் 11-ஆம் தேதி பிரான்சிஸ் லைட் கிழக்கிந்தியக் கம்பெனியின் பெயரில் இந்தத் தீவை எடுத்துக்கொண்டார். டச்சுக்காரர்களின் மலாக்காவிலிருந்து வணிகர்களை இழுக்க அவர் கையிலிருந்த பெரிய தூண்டில், இங்கே சுங்கவரி கிடையாது என்பது. சூலியா வணிகர்கள் வந்தார்கள். சீனர், ஆச்சேக்காரர், பூகிஸ், ஆர்மீனியர் என்று எல்லோரும் வந்தார்கள். இடையில் சில காலம் வரி போட்டுப் பார்த்தார்கள், அது நிலைக்கவில்லை. இலவசத் துறைமுகம் என்பதே இந்த ஊரின் அடையாளமானது.

ஆனால் ஒரு ஊரை இலவசமாக நடத்த முடியாது. போலீசுக்குச் சம்பளம் வேண்டும், சாலை போட வேண்டும், அதிகாரிகளுக்கு பங்களா வேண்டும். கப்பலில் வரும் சரக்குக்கு வரி கேட்டால் வணிகன் அடுத்த துறைமுகத்துக்குப் போய்விடுவான். அப்போ பணம் எங்கிருந்து வரும்? ஊரை விட்டுப் போக முடியாதவனிடமிருந்துதான் வர வேண்டும். அதாவது கூலிக்காரனிடமிருந்து.

கூலிக்காரனிடம் நேரடியாக வரி கேட்டால் கொடுக்க அவனிடம் ஒன்றும் இருக்காது. ஆனால் அவனுக்குப் பழக்கங்கள் உண்டு. அந்தப் பழக்கங்களைத்தான் குத்தகைக்கு விட்டார்கள். 1790களிலேயே இது தொடங்கிவிட்டது. அபின் குத்தகை, சாராயக் குத்தகை, கள்ளுக் குத்தகை, வெற்றிலைக் குத்தகை, பன்றி இறைச்சிக் குத்தகை, சூதாட்டக் குத்தகை. இவற்றோடு அடகுக்கடைக் குத்தகையும் உண்டு. இந்தப் பட்டியலை ஒரு முறை மெதுவாகப் படித்துப் பாருங்கள். ஒரு கூலிக்காரனின் சாயங்காலம் முழுக்க அதில் இருக்கிறது.

முறை எளிமையானது. அரசு ஏலம் போடும். அதிகம் கேட்டவருக்குக் குறிப்பிட்ட காலத்துக்கு ஏகபோக உரிமை. கச்சா அபினைக் காய்ச்சி, புகைக்கும் பதமான சண்டு ஆக்கி விற்க அவர் ஒருவருக்குத்தான் அனுமதி. மாதாமாதம் அரசுக்கு நிர்ணயித்த தொகையைக் கட்டிவிட்டால் மிச்சமெல்லாம் அவருக்கு. அபின் எங்கிருந்து வந்தது? வங்காளத்திலிருந்து. 1773 முதல் அங்கே கம்பெனியின் ஏகபோகம். ஆக, விளைச்சலிலும் கம்பெனிக்குக் காசு, குத்தகையிலும் கம்பெனிக்குக் காசு.

குத்தகை எடுத்தவர்கள் பெரும்பாலும் ஊரின் பெரிய சீன வணிகர்கள், பல பேர் கூட்டாகச் சேர்ந்து எடுப்பார்கள். அதே ஆட்களுக்கு ஈயச் சுரங்கத்திலும் தோட்டத்திலும் கூலிகளைக் கொண்டுவரும் தொழிலிலும் பங்கு இருக்கும். சுரங்கத்தில் கொடுத்த கூலி அபின் கடை வழியாகத் திரும்ப வந்துவிடும். கார்ல் ட்ரோக்கி 1990-இல் எழுதிய 'ஓபியம் அண்ட் எம்பயர்' நூல் சிங்கப்பூரை வைத்து இந்தச் சுழற்சியை விளக்குகிறது. பினாங்கிலும் கதை அதேதான்.

இந்த அமைப்பின் முக்கியமான இடம் எது தெரியுமா? குத்தகைதாரர் அரசுக்குக் கட்ட வேண்டிய தொகை முன்கூட்டியே முடிவாகிவிட்டது. அதை எடுத்து அதற்கு மேலும் சம்பாதிக்க வேண்டுமென்றால், இந்த வருடம் புகைப்பவன் அடுத்த வருடம் இன்னும் கொஞ்சம் அதிகமாகப் புகைக்க வேண்டும். அடுத்த ஏலத்தில் தொகை ஏறும். ஏறிய தொகையை எடுக்க இன்னும் அதிகம் விற்க வேண்டும். இதில் கெட்ட எண்ணம் கொண்டவர் யாரும் இருக்க வேண்டிய அவசியமே இல்லை. எல்லோரும் கணக்கை ஒழுங்காகப் பார்த்தாலே போதும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் பினாங்கும் மலாக்காவும் சிங்கப்பூரும் சேர்ந்த நீரிணைக் குடியேற்றங்களின் அரசு வருமானத்தில் ஏறக்குறைய பாதி அபினிலிருந்து வந்தது. இலவசத் துறைமுகம் யாருக்கு இலவசம், யார் காசில் இலவசம் என்பது இந்த ஒரு வரியில் தெரிந்துவிடும்.

3

1904 வாக்கில் சூலியா தெருவில் ஓர் இளம் மருத்துவர் தொழில் நடத்திக்கொண்டிருந்தார். பெயர் வூ லியன் தே. 1879-இல் இதே பினாங்கில் பிறந்தவர். ராணியார் உதவித்தொகையில் கேம்பிரிட்ஜ் போய் மருத்துவம் படித்த முதல் சீனர். பின்னால் 1910-11 மஞ்சூரியக் கொள்ளைநோயின்போது துணி முகக்கவசத்தைப் பரவலாக்கியதற்காக உலகம் அவரை நினைவில் வைத்திருக்கிறது. கோவிட் காலத்தில் அவர் பெயர் மீண்டும் அடிபட்டது. ஆனால் அவர் ஏன் பினாங்கை விட்டுப் போனார் என்பதை நாம் அவ்வளவாகப் பேசுவதில்லை.

அவர் இங்கே அபின் எதிர்ப்புச் சங்கம் ஒன்றை நண்பர்களோடு சேர்ந்து நடத்தினார். 1906-இல் நாடு முழுவதிலுமிருந்து ஆட்களைத் திரட்டி ஒரு பெரிய அபின் எதிர்ப்பு மாநாடும் நடத்திக் காட்டினார். அடுத்த வருடம் அவருடைய மருந்தகத்தில் சோதனை நடந்தது. மருந்துக்கு வைத்திருந்த அபின் கரைசல் ஒரு அவுன்ஸ் கிடைத்தது. அதை வைத்திருந்த குற்றத்துக்காக நீதிமன்றம் அவருக்கு அபராதம் விதித்தது. டன் கணக்கில் அபின் விற்று நடந்த அரசாங்கம், அபினை எதிர்த்த டாக்டரை ஒரு அவுன்ஸுக்காகப் பிடித்தது. அதற்குப் பிறகு அவர் சீனாவுக்குப் போய்விட்டார்.

எதிர்ப்பு வலுத்ததும் அரசு ஒரு விசாரணைக் குழு அமைத்தது. 1908-இல் வந்த அறிக்கை, அபினின் தீமைகள் மிகைப்படுத்திச் சொல்லப்படுகின்றன, அளவோடு புகைப்பவர்களுக்குப் பெரிய பாதிப்பில்லை என்கிற தோரணையில் முடிந்தது. அளவு மீறுகிறவன் அவனாகக் கெட்டுப்போகிறான் என்பதுதான் இதன் மறுபக்கம். பரிந்துரை என்ன? தனியார் குத்தகையை நிறுத்திவிட்டு அரசே விற்கட்டும் என்பது. 1910 முதல் அப்படியே நடந்தது.

பின்னாட்களில் புகைப்பவர்களைப் பதிவு செய்யும் முறை வந்தது. யார் புகைக்கிறான், எவ்வளவு புகைக்கிறான் என்று அட்டை போட்டுக் கணக்கு வைத்தார்கள். கவனியுங்கள், பதிவேட்டில் ஏறியது புகைப்பவன் பெயர். அரசு ஒவ்வொரு வருடமும் அதிலிருந்து எவ்வளவு எடுக்கிறது என்பது நல்லொழுக்கப் பிரச்சினையாக யார் தலையிலும் ஏறவில்லை.

ஆனால் அதே காலத்தில் நடந்த வேறொரு காரியம் எனக்கு முக்கியமாகப் படுகிறது. 1925-இல் நீரிணைக் குடியேற்றங்களின் அரசு ஒரு நிதியை உருவாக்கியது. அபின் வருமானம் ஒருநாள் நின்றுபோனால் அதை ஈடுகட்டுவதற்கான நிதி. சர்வதேச அழுத்தம், உள்ளூர்க் கணக்கு என்று அதற்குப் பல காரணங்கள். என்றாலும், பழக்கம் யாருடையது என்கிற பேச்சிலிருந்து வருமானம் யாருடையது என்கிற பேச்சுக்கு அரசு முதல்முறையாக இறங்கிவந்த இடம் அது. 1943 நவம்பரில், மலாயா ஜப்பானியர் கையில் இருக்கும்போது, திரும்பி வந்தால் தன் ஆசியக் காலனிகளில் அபின் புகைப்பதைத் தடை செய்வோம் என்று பிரிட்டன் அறிவித்தது. போருக்குப் பிறகு அது நடந்தது. புகைப்பவர்கள் எல்லோரும் ஒரே நாளில் ஒழுக்கசீலர்கள் ஆனதால் நடந்ததல்ல.

4

சீனக் கூலிக்கு அபின் என்றால் தமிழ்க் கூலிக்குக் கள்.

இதைப் பற்றி நம் வீடுகளில் பேசும்போது ஒரு வெட்கம் வந்துவிடும். 'நம்ம ஆளுங்க குடிச்சே கெட்டாங்க' என்று ஒரே வரியில் முடித்துவிடுவோம். கெட்டதும் உண்மை, குடித்ததும் உண்மை. அந்த வரியில் விட்டுப்போனது கடை.

ரப்பர் தோட்டங்களில் லயத்துக்குப் பக்கத்திலேயே கள்ளுக்கடை இருந்தது. உரிமம் அரசு கொடுத்தது. கடையை நிர்வாகம் அனுமதித்தது, பல தோட்டங்களில் அதுவே நடத்தியது. அதற்கென்று மரமேறிகள் இருந்தார்கள். லாபத்தில் ஒரு பகுதி தொழிலாளர் நலனுக்குப் போகிறது என்பது நிர்வாகம் சொன்ன நியாயம். அதாவது, நீ குடித்த காசில்தான் உன் கோயில் திருவிழாவுக்கும் உன் பிள்ளைகளின் பந்துக்கும் உதவி வரும். குடிப்பதை நிறுத்தினால் அதுவும் நிற்கும்.

கள்ளுக்கடையை மூடு என்று யாராவது கேட்டால் பதில்கள் தயாராக இருந்தன. மூடினால் திருட்டுச் சம்சு குடித்துச் சாவான். கள்ளில் சத்து இருக்கிறது. நாளெல்லாம் உழைக்கிறவனுக்கு வேறு என்ன இருக்கிறது? குடிப்பதும் குடிக்காமல் இருப்பதும் அவனவன் விருப்பம். இந்தப் பதில்களில் கொஞ்சம் கொஞ்சம் உண்மை இருக்கிறது என்பதுதான் சிக்கல். சம்சு உண்மையிலேயே ஆளைக் கொன்றது. நாளெல்லாம் உழைப்பவனுக்கு வேறு ஒன்றும் உண்மையிலேயே இல்லை. வேறு ஒன்றும் இல்லாமல் வைத்திருந்தது யார் என்ற கேள்வியை மட்டும் யாரும் எழுப்பவில்லை.

அதை எழுப்பியவர்கள் தொழிலாளர்கள்தான். 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் ஆர்.எச்.நாதன் முன்னின்ற வேலைநிறுத்தத்தின் கோரிக்கைப் பட்டியலைப் பாருங்கள். சீனத் தொழிலாளருக்குச் சமமான கூலி வேண்டும். துரையைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்கும் வழக்கம் ஒழிய வேண்டும். கூடவே, கள்ளுக்கடைகளை மூட வேண்டும். கூலியும் மானமும் கள்ளும் ஒரே தாளில் இருந்தன. கள்ளை ஒழுக்கப் பிரச்சினையாக எடுத்து ஒரு பிரசங்கியிடம் அவர்கள் கொடுக்கவில்லை, முதலாளியிடம் கோரிக்கையாக வைத்தார்கள். பதிலுக்கு நாதன் கைதானார், நாடு கடத்தப்பட்டார். துருப்புகள் வந்தன. தொழிலாளர்கள் செத்தார்கள்.

போர் முடிந்ததும் பினாங்குக்கு வடக்கே கெடாவில் தொண்டர் படை எழுந்தது. ஏ.எம்.சாமி அதன் முக்கியத் தலைவர். இளைஞர்கள் சீருடை போட்டு அணிவகுத்தார்கள், கள்ளுக்கடை வாசலில் மறியல் செய்தார்கள். 1947 மார்ச் தொடக்கத்தில் பீடோங் பக்கத்து ஹார்வர்ட் தோட்டத்தில் போலீசோடு மோதல் வெடித்தது. ஒரு தொழிலாளி உயிரிழந்தார். பலர் சிறைக்குப் போனார்கள். 1948-இல் அவசரகாலம் வந்த பிறகு இப்படிப்பட்ட அமைப்புகளுக்கு மூச்சுவிட இடமில்லாமல் போனது.

தொண்டர் படையை நான் புனிதப்படுத்த விரும்பவில்லை. குடித்தவர்களைத் தாங்களே விசாரித்துத் தண்டித்த சம்பவங்களும் அதில் உண்டு. அந்தத் தண்டனை விழுந்தது யார் முதுகில்? கடை வைத்தவன் முதுகில் இல்லை. கடையை நோக்கிக் கிளம்பும் ஒவ்வொரு இயக்கமும் ஒரு கட்டத்தில், கடையைத் தொட முடியாதபோது, பக்கத்து வீட்டுக்காரனைத் தொட ஆரம்பித்துவிடுகிறது. இதை நாம் மறக்கக்கூடாது.

என்றாலும் தொண்டர் படை செய்த ஒன்றை நான் மதிக்கிறேன். 'தப்பு துரையுடையது, அதனால் நான் குடித்துக்கொண்டே இருப்பேன்' என்று அவர்கள் சொல்லவில்லை. தங்கள் குடியைத் தாங்களே நிறுத்தினார்கள், அதே நேரத்தில் கடையையும் மூடச் சொன்னார்கள். பொறுப்பை ஏற்பதும் பொறுப்பானவனைக் கேள்வி கேட்பதும் அவர்களுக்கு ஒரே வேலையாக இருந்தன.

இங்கே வள்ளுவரையும் கூப்பிடலாம். குறளில் 'கள்ளுண்ணாமை' 93-ஆவது அதிகாரம். அது அறத்துப்பாலில் இல்லை. புலால் மறுத்தல் அறத்துப்பாலில் இருக்கிறது, கள்ளாமை அறத்துப்பாலில் இருக்கிறது. கள்ளுண்ணாமையும் அடுத்த அதிகாரமான சூதும் பொருட்பாலில், அரசும் நட்பும் செல்வமும் பேசப்படும் பகுதியில் இருக்கின்றன. உள்ளே அவர் பேசுவது குடிப்பவனிடம்தான், அதை மறுக்கவில்லை. ஆனால் வைத்த இடம் என்னை யோசிக்க வைக்கிறது.

5

இப்போது போனுக்கு வருவோம்.

1969-இல் பினாங்கு தன் இலவசத் துறைமுகத் தகுதியை இழந்தது. வேலையில்லாத் திண்டாட்டம். அப்போதைய முதலமைச்சர் லிம் சோங் இயூ 1972-இல் பாயான் லெப்பாஸில் சுதந்திர வர்த்தக வலயத்தைத் திறந்தார். இன்டெல், ஏஎம்டி, ஹிட்டாச்சி, போஷ் என்று கம்பெனிகள் வந்தன. சில்லுகளை உறையிட்டுச் சோதித்து அனுப்பும் உலகின் முக்கியமான ஊர்களில் ஒன்றாக பினாங்கு மாறியது. நம் கைப்பேசிக்குள் இருக்கும் ஏதோ ஒரு துண்டு இந்தத் தீவைத் தொட்டுப் போயிருக்க வாய்ப்பு உண்டு. அந்த வலயத்தில் சில்லு சோதிக்கும் ஆயிரக்கணக்கான பேரில் நானும் ஒருவன். வங்காளத்து அபின் வந்து சண்டு ஆகிப் போன ஊரில் இன்று சிலிக்கான் தகடு வந்து சில்லு ஆகிப் போகிறது.

ஆனால் சில்லை அபினோடு ஒப்பிட நான் வரவில்லை. நான் ஒப்பிடுவது குத்தகையை. இலவசத் துறைமுகம் போலவே இலவசச் செயலி. உள்ளே வர வரி கிடையாது. மெட்டாவின் வருமானத்தில் மிகப் பெரும்பகுதி விளம்பரத்திலிருந்து வருகிறது. விளம்பரத்துக்கு விலை, நாம் திரைமுன் கழிக்கும் நேரத்தை வைத்து அமைகிறது. அப்படியானால் இந்தக் காலாண்டின் கணக்கைத் தாண்ட வேண்டுமென்றால் நாம் போன காலாண்டைவிடக் கொஞ்சம் அதிகமாகப் பார்க்க வேண்டும். ஏலத்தொகை ஏறும் அதே கணக்கு. இங்கேயும் கெட்டவன் யாரும் தேவையில்லை.

கடையின் அமைப்பும் கவனத்தோடு செய்யப்படுகிறது. 1998-இல் ஸ்டான்ஃபோர்டில் பி.ஜே.ஃபாக், கணினி எப்படி மனிதனை இணங்க வைக்கும் என்று ஆராய ஒரு கூடமே தொடங்கினார். 2006-இல் ஏசா ராஸ்கின், பக்கம் முடிந்து அடுத்த பக்கத்துக்கு அழுத்தும் தொல்லையைத் தீர்க்க, முடிவே இல்லாமல் கீழே இறங்கிக்கொண்டே போகும் திரையை வடிவமைத்தார். பின்னாளில் அதற்காகப் பகிரங்கமாக வருத்தப்பட்டார். பக்கத்தின் முடிவு என்பது, போதுமா என்று நம்மை நாமே கேட்டுக்கொள்ளும் ஒரு நொடி. அந்த நொடியை எடுத்துவிட்டால் சுயக்கட்டுப்பாட்டுக்கு நிற்க இடமில்லை. நடாஷா டௌ ஷூல் 2012-இல் எழுதிய 'அடிக்ஷன் பை டிசைன்' லாஸ் வேகாஸ் சூதாட்ட இயந்திரங்களைப் பற்றியது. நாற்காலியின் உயரம் முதல் காசு விழும் சத்தம் வரை எப்படித் திட்டமிடப்பட்டன என்று அதில் படித்துவிட்டுப் போனைக் கையில் எடுத்தால் பல விஷயங்கள் புரியும்.

இந்தத் துறையின் மனசாட்சியைப் பார்க்க ஒரே ஆள் போதும். நிர் இயல் 2014-இல் 'ஹூக்டு' என்று ஒரு புத்தகம் எழுதினார். பழக்கமாகிவிடும் பொருளை எப்படி உருவாக்குவது என்று கம்பெனிகளுக்குச் சொல்லிக்கொடுத்தது அது. 2019-இல் 'இன்டிஸ்ட்ராக்டபிள்' எழுதினார். கவனம் சிதறாமல் இருப்பது எப்படி என்று வாசகருக்குச் சொல்லிக்கொடுத்தது இது. கம்பெனிக்குத் தொழில்நுட்பம், நமக்குப் பொறுப்புணர்வு. 2018-இல் ஆப்பிளும் கூகுளும், நாம் எவ்வளவு நேரம் பார்த்தோம் என்று காட்டும் கருவிகளைக் கொண்டுவந்தன. பயனுள்ளவைதான், நானும் பயன்படுத்துகிறேன். ஆனால் அதுவும் ஒரு பதிவேடு. அபின் அட்டை மாதிரி, அதில் ஏறுவது புகைப்பவன் பெயர்.

தொழிற்சாலை தரையில் இந்தப் பேச்சின் வர்க்க முகம் அப்பட்டமாகத் தெரியும். உற்பத்தி வரிசையில் நிற்பவர்கள் உள்ளே வரும்போதே போனை லாக்கரில் வைத்துவிட வேண்டும். பொறியாளர்களுக்கு அப்படி இல்லை, எங்களுக்குச் சுயக்கட்டுப்பாடு பற்றிய பயிலரங்கு. ஒருவனுக்குப் பூட்டு, இன்னொருவனுக்கு அறிவுரை. எஸ்டேட்டில் கூலியின் கள்ளைப் பற்றி அறிக்கை எழுதிய துரை சாயங்காலம் கிளப்பில் விஸ்கி குடித்தார், அதைப் பற்றி எந்த அறிக்கையும் இல்லை.

6

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் லெபோ பாசாரில் நடந்தால், கடை வாசல் படிகளில், ஐந்தடி நடைபாதையில் உட்கார்ந்து போன் பார்த்துக்கொண்டிருக்கும் நிறையப் பேரைப் பார்க்கலாம். தமிழ்நாட்டிலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் மியன்மாரிலிருந்தும் வேலைக்கு வந்தவர்கள். சாப்பாட்டுக்கடையில் வேலை செய்யும் தஞ்சாவூர்ப் பக்கத்து அண்ணன் ஒருவரிடம், "ஒரு நாளைக்கு எவ்ளோ நேரம்ணே போன் பாப்பீங்க?" என்று கேட்டேன். "வேலை பன்னெண்டு மணி நேரம் தம்பி. தூக்கம் போக மிச்சமெல்லாம் இதான்" என்றார். பிறகு சிரித்துக்கொண்டே, "புள்ள நடக்க ஆரம்பிச்சதையே இதுலதான் பாத்தேன். இதை வச்சிட்டு நான் எங்க போறது?" என்றார்.

எந்தச் செயலியும் அவருடைய நேரத்தை 'அதிகப் பயன்பாடு' என்றுதான் சிவப்பில் காட்டும். அவர் மகளைப் பார்த்த பத்து நிமிடமும், அதற்குப் பிறகு தூக்கம் வராமல் ரீல்ஸ் தள்ளிய மூன்று மணி நேரமும் ஒரே கூட்டலில் வரும். அவரிடம் போய்ப் பொறுப்பைப் பற்றிப் பேச எனக்கு வாய் வரவில்லை. தூர தேசத்தில், பன்னிரண்டு மணி நேர வேலைக்குப் பிறகு, அவருக்கு வேறு என்ன இருக்கிறது? அதே கேள்விதான். இதை கள்ளுக்கடைக்காரன் தன் நியாயமாகச் சொன்னான் என்பதற்காக அதன் வலி பொய்யாகிவிடாது. ஒரு மனிதனின் வாழ்க்கையில் இருக்கும் ஓட்டையின் அளவைப் பார்த்துத்தான் கடை போடுகிறார்கள். எனவே கடையைப் பற்றிப் பேசும்போது ஓட்டையையும் பேசியாக வேண்டும். அவருக்கு வாரத்தில் ஒரு முழு விடுமுறை நாள் கிடைத்தால் அந்த மூன்று மணி நேரம் தானாகவே குறையும் என்று நினைக்கிறேன்.

என்னதான் செய்வது? வரலாறு செயல்திட்டம் எழுதிக் கொடுக்காது. ஆனால் எங்கே பார்க்க வேண்டும் என்று காட்டும். 1937 அக்டோபர் 1-இல் சென்னை மாகாணப் பிரதமராக இருந்த ராஜாஜி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தார். போகும் வருமானத்தை ஈடுகட்ட 1939-இல் விற்பனை வரியைக் கொண்டுவந்தார். மதுவிலக்கு சரியா தப்பா என்று தனியாக வாதிடலாம், அதன் பின்கதை நமக்குத் தெரியும். 2003-இல் தமிழ்நாட்டு அரசே டாஸ்மாக் மூலம் சில்லறைக் கடை நடத்த இறங்கியது. 2015-இல் சசிபெருமாள் ஒரு மதுக்கடையை மூடச் சொல்லி குமரி மாவட்டத்தில் கைப்பேசிக் கோபுரம் ஒன்றில் ஏறிப் போராடி உயிரைவிட்டார். எனக்கு முக்கியம், ராஜாஜி குடிப்பவனுக்கு உபதேசம் செய்ததோடு நிற்காமல் கல்லாப்பெட்டியையும் திறந்து பார்த்தார் என்பது. அந்தப் பணம் வேறு எங்கிருந்தாவது வரும் வரை எந்த அரசும் எந்தக் கம்பெனியும் பழக்கத்தை விடாது.

2025 டிசம்பர் முதல் ஆஸ்திரேலியாவில் 16 வயதுக்குட்பட்டவர்களுக்குச் சமூக ஊடகக் கணக்கு தரக்கூடாது. அந்தச் சட்டம் முழுமையானது என்று நான் சொல்லவில்லை. ஆனால் மீறினால் அபராதம் பிள்ளைக்கும் இல்லை, பெற்றோருக்கும் இல்லை, கம்பெனிக்கு. பதிவேட்டில் பெயர் மாறியிருக்கிறது. இந்தச் சின்ன மாற்றத்தை சூலியா தெரு டாக்டர் பார்த்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார். ஆனால் பதினாறைத் தாண்டியவர்களின் நேரத்தை வைத்து ஓடும் கணக்கை அது தொடவில்லை. குத்தகை அப்படியே இருக்கிறது.

இதையெல்லாம் சொன்ன பிறகும், ராத்திரி ஒரு மணிக்குத் திரையைத் தள்ளிக்கொண்டிருப்பது என் விரல்தான். அதை எந்த வரலாறும் எனக்காக நிறுத்தாது. நண்பர்கள் நாலு பேர் சேர்ந்து, சாப்பிட உட்கார்ந்தால் போன்களை மேசை நடுவில் குவித்து வைப்பது என்று பழகியிருக்கிறோம். சின்ன விஷயம்தான். தனியாக முடியாதது கூட்டாக முடிகிறது என்பதை அது காட்டியது. ஆனால் அதில் திருப்திப்பட்டு நின்றுவிட்டால் நாமே நம்மைப் பதிவு செய்துகொண்ட புகைப்பவர்கள் ஆகிவிடுவோம். கெடாவின் அந்த இளைஞர்கள் தங்கள் குவளையைக் கவிழ்த்து வைத்தார்கள், பிறகு கிளம்பிப் போய்க் கடை வாசலில் நின்றார்கள்.

அடுத்த முறை யாராவது "எல்லாம் நம்ம கட்டுப்பாட்டுலதான் இருக்கு" என்று சொன்னால் மறுக்க வேண்டாம். ஆமாம் என்று சொல்லிவிட்டு, கடை யாருடையது, உரிமம் யார் கொடுத்தது, அது மூடினால் யாருக்கு நட்டம் என்று கேளுங்கள். இருநூறு வருடமாக இந்த ஊர் தனக்குத்தானே கேட்கத் தயங்கிய கேள்விகள் அவை.